ஆவணி முகூர்த்தங்களை விட்டுக்கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

கல்யாணங்களுக்குக் குதிரைச் சாரட் வண்டி ஓட்டும் நான், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோவில் குதிரைச் சந்தையில் வாங்கிவந்த புதுக் குதிரையைத் தனியே கட்டிவைக்காமல், அன்று மாலையே திருப்பரங்குன்றத்து லாயத்தின் பொதுத் தொட்டியில் தண்ணீர் காட்டியது என் பிழை. பத்தாம் நாள் அதற்குக் காய்ச்சல் கண்டு, மூக்கில் சீழ் வடிந்து, தாடைக்குக் கீழே கட்டி எழும்பியபோதும், வெறும் சளி என்றெண்ணிக் கஷாயம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தத் தாமதத்தின் சுமையை என்னோடு பங்கிட்டவர்களுக்கே இம்மடல்.

வந்து பார்த்த கால்நடை மருத்துவர், கிளாண்டர்ஸ் நோயாக இருக்கக்கூடாதே என்று, இரத்த மாதிரியை ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்திற்கு அனுப்பினார். அந்நோய் மனிதருக்கும் தொற்றும். உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வதைத் தவிர வேறு வழியில்லை. முடிவு வரும்வரை எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. கிளாண்டர்ஸ் இல்லை, ஸ்ட்ராங்கிள்ஸ் எனும் பாக்டீரியா நோய்தான் என்று தெரிந்தபின் அவர் எங்கள் கையில் கொடுத்த ஆயுதம் ஒரு தெர்மாமீட்டர். காய்ச்சல் கண்டு ஓரிரு நாள் கழித்தே மூக்கு வழியாகக் கிருமி வெளியேறத் தொடங்கும் என்பதால், காலையும் மாலையும் அளந்து, 101.5 டிகிரியைத் தாண்டிய குதிரையை உடனே பிரித்துவிட்டால் மற்றவை தப்பும் என்றார். லாயத்தின் ஒன்பது குதிரைகளில் நான்கோடு நோய் நின்றது, ஒன்றையும் இழக்கவில்லை.

பிரித்துக் கட்ட இடம் வேண்டுமே! நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் தம் தென்னந்தோப்புக் கொட்டகையை வாடகையின்றித் தந்தவருக்கும், மற்ற லாயங்களையெல்லாம் முடித்துவிட்டு எங்களிடம் கடைசியாக வந்து, திரும்பும்போது கருவிகளைக் கிருமிநாசினியில் கழுவிச் சென்ற லாடம் அடிப்பவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

சீழ் நின்றபின்னும் சில குதிரைகள் தொண்டைப் பைகளில் கிருமியைச் சுமந்திருக்கும் என்பதால், வாரம் ஒன்றாக மூன்று பரிசோதனைகள் முடியும்வரை சாரட் வண்டி வெளியே போகவில்லை. ஆவணி முகூர்த்தங்கள் அனைத்தும் போயின. மாப்பிள்ளை அழைப்புக்குக் காரை வைத்துக்கொண்டு, நான் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது “தையில் இளையவள் கல்யாணத்துக்கு வாருங்கள்” என்ற பெண்வீட்டார் இருவரை மறக்கமாட்டேன். தங்கள் குதிரைகளுக்கு ஒன்றுமில்லாதபோதும் அவற்றை வெளியே ஓட்டாமல் வருமானத்தை விட்ட அவனியாபுரத்து வண்டிக்காரர்களுக்கு எந்தச் சட்டமும் அந்தக் கட்டாயத்தை விதிக்கவில்லை. அவர்களில் ஒருவர் இரண்டு மாதம் என் வாசலை மிதிக்கவில்லை; அப்போது வருத்தமாக இருந்தது, உண்மையில் அவரே எனக்குப் பேருதவி செய்தார்.

குதிரைக்கொரு வாளி வேண்டும் என்றதும் தெருவில் வீட்டுக்கொன்றாகத் தந்தீர்கள். நோய்ப்பட்ட குதிரைகள் குடித்தவை என்பதால் அவற்றைத் திருப்பித் தரப்போவதில்லை. புதிய வாளிகள் திண்ணையில் அடுக்கியிருக்கின்றன. அன்புகூர்ந்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
சாரட் வண்டிக்காரன்,
திருப்பரங்குன்றம்