முகப்பில் நீர்மோர் வழங்கிய அன்பருக்கு நன்றி

காரைக்குடியில் பல்லாண்டு காலம் மருத்துவம் பார்த்த எங்கள் அப்பச்சி சிவபதவி அடைந்த அன்று, முகப்பிலிருந்து தெருமுனை வரை வெயிலில் நின்றவர்களுக்குத் தாமாகவே நீர்மோர் வழங்கி, முதியவர்களைத் திண்ணையில் அமர்த்தி, கடைசி வண்டி கிளம்பும்வரை உடனிருந்த அன்பரே, தங்களுக்கு எங்கள் குடும்பத்தார் அனைவரின் நன்றி.

பெயர் கேட்டபோது, கட்டுவிரியன் தீண்டிய தங்கள் மகளை அப்பச்சி பிழைக்க வைத்ததை மட்டும் சொன்னீர்கள். அந்தப் பாம்பு கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் தெரியாது என்பதால், "கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், நடக்கவிடாமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கி வாருங்கள்" என்று, தரையில் படுத்துறங்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்; சாப்பிட உட்கார்ந்தால் பேரப்பிள்ளைகளுக்கும் அதே பாடம்தான்.

ஊரைக்கூடச் சொல்லாமல் சென்றுவிட்டீர்கள். மகளை அழைத்துக்கொண்டு அவசியம் வீட்டுக்கு வாருங்கள். ஆத்தா தங்களைப் பார்க்க விரும்புகிறார்.