மிதித்து எடுக்கும் மின்சாரம்: வாட் கணக்கையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சைக்கிள் மிதித்தே வீட்டுக்கு மின்சாரம் என்று படத்தோடு செய்தி வந்தால் ஒரு வரி விடாமல் படிப்பேன். ஆனால் எத்தனை வாட், எவ்வளவு நேரம் மிதித்தார்கள் என்ற இரண்டு விவரம் மட்டும் கடைசி வரை இருக்காது. நானே ஒன்று செய்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நல்ல உடம்பு உள்ள ஒருவர் ஒரு மணி நேரம் விடாமல் மிதித்தால் 75 முதல் 100 வாட் வரை தரலாம். பந்தய வீரர்கள் இதைவிட இரண்டு மூன்று மடங்கு தருவார்கள், அதை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது. சரி, 100 வாட் என்றே வைத்துக்கொள்வோம், ஒரு யூனிட் சேர்வதற்கு பத்து மணி நேரம் மிதிக்க வேண்டும், அதுவும் வழியில் துளிகூட வீணாகவில்லை என்றால்தான். வீணாகாமல் எப்படி இருக்கும்? பெல்ட்டில் கொஞ்சம், மோட்டாரில் கொஞ்சம், பேட்டரிக்குள் போகும்போது கொஞ்சம், வெளியே வரும்போது கொஞ்சம், இன்வெர்ட்டர் வைத்தால் அதிலும் கொஞ்சம். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியெல்லாம் இதில் நடக்காத காரியம்.

நான் செய்தது எளிமையானது. பழைய சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, பின் டயரைக் கழற்றிவிட்டு, ரிம்மில் பெல்ட் மாட்டி, நிரந்தர காந்தம் உள்ள டிசி மோட்டார் ஒன்றைச் சுழல வைத்தேன். அந்த மோட்டாரை நாம் சுழற்றினால் அதுவே டைனமோ, அதில் வரும் மின்சாரம் ஒரு பேட்டரிக்குப் போகும். முதல் நாள் மிதித்து முடித்து இறங்கி வந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பின் சக்கரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் சேர்த்து வைத்ததை எல்லாம் பேட்டரி அப்படியே மோட்டாருக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது! மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் போகவிடும் டயோடு ஒன்றை நடுவில் போட்ட பிறகுதான் நின்றது. அப்புறம், பேட்டரிக்குப் போகும் வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் சார்ஜ் கண்ட்ரோலரும் வேண்டும். வேகமாக மிதித்தால் வோல்டேஜ் ஏறும், 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிக்கு 14.4 வோல்ட்டைத் தாண்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் உள்ளே வாயு கிளம்பி பேட்டரி சீக்கிரம் கெட்டுவிடும். லித்தியம் என்றால் பாதுகாப்பு சர்க்யூட் இல்லாமல் தொடவே வேண்டாம்.

வியர்க்க வியர்க்க மிதித்தபோது மீட்டர் காட்டியது 13 வோல்ட்டில் 4 ஆம்பியர், அதாவது 52 வாட். ஒரு மணி நேரம் மிதித்தால் பேட்டரியிலிருந்து திரும்ப எடுக்க முடிவது ஏறக்குறைய 40 வாட் மணி (ஆயிரம் வாட் மணிதான் ஒரு யூனிட்). 9 வாட் எல்இடி பல்பு நாலு மணி நேரம் எரியும், இல்லையென்றால் செல்போனை இரண்டு முறை சார்ஜ் செய்யலாம்.

மின்சாரமே இல்லாத ராத்திரியில் இது சின்ன விஷயம் இல்லை. 1929-ல் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில், மின்கம்பி எட்டாத பண்ணைகளில் இருந்தவர்கள், ஆல்பிரட் டிரேகர் உருவாக்கிய பெடல் வானொலியைக் காலால் மிதித்துத்தான் தொலைவில் இருந்த மருத்துவரோடு தொடர்பு கொண்டார்கள். மின்சாரம் கொஞ்சம்தான், ஆனால் தேவைப்பட்ட இடத்தில் இருந்தது. மாவு அரைக்க, தண்ணீர் இறைக்க, துணி தைக்க என்றால் மின்சாரமாக மாற்றவே தேவையில்லை, பெடலை நேராக இயந்திரத்தோடு இணைத்துவிட்டால் பாதி இழப்பு மிச்சம். செய்திகளில் இதை யாரும் சொல்வதே இல்லை, எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பள்ளிகளில் இப்படி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன். என் மகள் மிதித்துக்கொண்டிருந்தபோது இரண்டாவது பல்பைப் போட்டேன், "அப்பா, யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு" என்றாள். வாட் என்றால் என்ன என்று அதற்கு முன் நான் எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அன்றைக்குத்தான் அவள் காலுக்குப் புரிந்தது.

அதனால் அடுத்த முறை இப்படி ஒரு சைக்கிளைப் பற்றி எழுத நிருபர் போகும்போது, மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துவரச் சொல்லுங்கள். மிதிக்கத் தொடங்கி அரை மணி நேரம் கழித்துக் குறிக்கட்டும். முதல் நிமிடத்தில் யார் வேண்டுமானாலும் 200 வாட் காட்டிவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்