அப்பா அறை டிவியை முதலில் பார்

டேய் மாப்ள,

நலம்தானே? இங்கே எல்லாரும் நலம். தாடி போன வாரம் வந்தான், உன்னைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டான், வழக்கமான பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுப் படங்களை எல்லா டிவிக்கும் அனுப்பும் ஜெல்லிஃபின் மென்பொருளைப் போட்டு ஒரு கம்ப்யூட்டரைச் சர்வராக்கியாயிற்று, இனி மூன்று டிவியிலும் ஒரே ஆப்பைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "தெரியும்டா" என்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒரே ஆப் என்ற பிடிவாதத்தை விடு. சர்வர் எல்லா டிவிக்கும் ஒரே மாதிரி படத்தை அனுப்புவதில்லை. டிவியில் இருக்கும் ஆப் முதலில் தனக்கு என்னென்ன ஓடும் என்று சர்வரிடம் சொல்லும். ஃபைல் அதற்குள் அடங்கினால் அப்படியே போய்விடும், அதுதான் டைரக்ட் ப்ளே. அடங்காவிட்டால் சர்வர் அங்கேயே உட்கார்ந்து மாற்றி மாற்றி அனுப்ப வேண்டும், அது டிரான்ஸ்கோட். ஹாலில் இருக்கும் எல்ஜி டிவியையே எடுத்துக்கொள். 2020 முதல் 2022 வரை வந்த அவர்களுடைய மாடல்களில் டிடிஎஸ் என்ற ஒலி வகை ஓடாது. அந்த மாதிரி ஃபைலில் ஒலியை மட்டும் மாற்றினால் போதும், சர்வருக்கு அது பெரிய பாரமே இல்லை. ஆனால் ப்ளூரேயிலிருந்து எடுத்த ஃபைலில் சப்டைட்டில் எழுத்தாக இருக்காது, படமாக இருக்கும். அதைக் காட்டத் தெரியாத ஆப்பில் நீ சப்டைட்டிலை ஆன் செய்த அந்த நொடியே சர்வர் முழு வீடியோவையும் புதிதாகச் செய்ய ஆரம்பித்துவிடும். 4கே படம் திக்கித் திணறுவது பெரும்பாலும் இங்கேதான், நீயோ ரேமைக் கூட்டலாமா என்று கேட்கிறாய்! படம் ஓடும்போது சர்வரின் டாஷ்போர்டை, அதாவது நிர்வாகப் பக்கத்தை, திறந்து பார், ஏன் மாற்றுகிறது என்ற காரணத்தை அதுவே சொல்லும்.

இன்னொன்று, ஹால் டிவிக்கு லேன் கேபிள் இழுத்துவிட்டேன் என்று பெருமையாக எழுதியிருந்தாய். பல டிவிகளின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். 4கே ப்ளூரே ஃபைல் சில இடங்களில் அதைத் தாண்டிப் போகும். நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அந்தக் கேபிளை விடத் தேவலாம், இரண்டையும் போட்டுப் பார்.

இதே வேலையைச் செய்யும் ப்ளெக்ஸுக்கு மாறிவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். ஆப்களின் நேர்த்தியில் அவர்கள் முன்னால் நிற்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் 2025 ஏப்ரல் கடைசியிலிருந்து வீட்டுக்கு வெளியே இருந்து பார்க்கக் காசு கட்ட வேண்டும், நுழைவதற்கும் அவர்கள் கணக்கு வேண்டும். ஜெல்லிஃபின் 2018 டிசம்பரில் எம்பி (Emby) என்ற இன்னொரு சர்வர் மென்பொருளிலிருந்து பிரிந்து வந்ததே, அவர்கள் தங்கள் நிரல்களை யாரும் பார்க்க முடியாதபடி மூடிக்கொண்டதால்தான். அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஜெல்லிஃபின் ஆப்களை ஆர்வலர்கள் எழுதுவதால் ஒரு டிவியில் அருமையாகவும் இன்னொரு டிவியில் சுமாராகவும் இருக்கும், அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு டிவியில் நன்றாகவே ஓடுகிறது. டிவிக்குள்ளேயே வரும் ஆப்பை நான் நம்புவதில்லை. டிவியின் படம் நன்றாக இருக்கும்போதே அதன் மென்பொருளைக் கம்பெனி கைவிட்டுவிடுகிறது, என் பழைய டிவிக்கு அப்படித்தான் ஆயிற்று, இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. டிவியை வெறும் திரையாக வைத்துக்கொள், பின்னால் ஒரு சின்ன ஆண்ட்ராய்டு பாக்ஸைச் சொருகிவிடு. நாளைக்குப் பழசானால் பாக்ஸை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பாக்ஸ் வாங்குவதற்கு முன்பே தமிழ் சப்டைட்டிலையும் சோதித்துவிடு. சில ஆப்களில் வெறும் கட்டம் கட்டமாக வரும், சிலவற்றில் 'கொ' என்ற எழுத்தின் கொம்பு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு வரி படித்தாலே தெரிந்துவிடும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. டேப்பிலிருந்து மாற்றி நீ அனுப்பிய அந்த அக்கா கல்யாண வீடியோவை என் டிவி ஆப்பில் போட்டுப் பார்த்தேன். உன் அம்மா பந்தலுக்கு வெளியே நின்று கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார்கள் இல்லையா, அந்த இடத்தில் கை முழுக்கச் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக வருகிறது. முகத்தைத் திருப்பும்போதும் அப்படித்தான். அதே ஃபைலை கம்ப்யூட்டரில் விஎல்சி ப்ளேயரில் போட்டால் சுத்தமாக இருக்கிறது. நம் ஊர் பழைய டிவி முறையான பிஏஎல்லில் பதிந்த டேப்பில் நொடிக்கு 50 பாதிப் படங்கள் இருக்கும், ஒற்றை வரிகள் ஒரு பாதி, இரட்டை வரிகள் மறு பாதி. இரண்டையும் அப்படியே ஒன்றாகப் பின்னினால்தான் அந்தக் கோடு வரும்; கோடு வராமல் முழுப் படமாக்கித் தரும் வேலையை விஎல்சி செய்கிறது, அந்த ஆப் செய்யவில்லை. டேப்பில் குறை இல்லைடா, பயப்படாதே. மூல ஃபைலை எதுவும் செய்யாமல் அப்படியே பத்திரமாக வை. வீடியோவை மாற்றித் தரும் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) மென்பொருளில் இந்த வேலைக்கென்றே பிடபிள்யூடிஃப் (bwdif) என்று ஒரு ஃபில்டர் இருக்கிறது, அதை வைத்து நொடிக்கு 50 ஃப்ரேமாக ஒரு நகல் எடுத்து அதைச் சர்வரில் போடு. பிறகு எந்த ஆப்பிலும் கை கையாகத் தெரியும்.

உன் வீட்டில் 4கே படம் திக்கினால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. அப்பா தினமும் பார்க்கப்போவது அந்த வீடியோவைத்தான், அதுவும் நீ ஊரில் இல்லாதபோது, தனியாக. அதனால் கணக்கை அவர் அறையிலிருந்து ஆரம்பி. அவருக்கென்று தனி யூசர் போட்டு, வீட்டு வீடியோ மட்டும் தெரிகிற மாதிரி வை. ரிமோட்டில் பாஸ்வேர்டு தட்டும் வதை வேண்டாம், க்விக் கனெக்ட் இருக்கிறது, உன் போனில் அவருடைய யூசரில் நுழைந்து டிவியில் வரும் எண்ணைப் போட்டால் உள்ளே போய்விடும். டிவியைப் போட்டதும் நேராக அந்த ஆப் திறக்கிற மாதிரி பாக்ஸில் வைக்க முடிகிறதா என்றும் பார்.

மூன்று டிவியின் மாடல் நம்பரையும் பின்பக்கத்திலிருந்து போட்டோ எடுத்து அனுப்பு, எதில் எது ஓடும் என்று நான் பார்த்துச் சொல்கிறேன். அப்பா இப்போது வைத்திருக்கும் ரிமோட்டில் எந்தெந்த பட்டனை அழுத்திப் பழகியிருக்கிறார் என்பதையும் கேட்டு எழுது, அதைப் பார்த்துத்தான் பாக்ஸ் வாங்க வேண்டும். மிச்ச டேப்புகளையும் தாடியிடம் கொடுத்தனுப்பு, அவன் அடுத்த மாதம் உன் பக்கம் வருகிறான்.

உன்,
வாத்தி