சூடு மட்டும் பட்ட சிப்புகள்

மதுரை

அன்புள்ள மாப்பிள்ளை சேகருக்கு,

இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்கு மட்டும் மூட்டுவலி குறையவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லி இந்த ஆண்டும் நீ ஏமாற்றியதில் முருகன் கடுங்கோபத்தில் இருக்கிறான். அவனை நீதான் சமாதானப்படுத்த வேண்டும். நான் எழுதுவது, கப்பலூரில் எங்கள் சோதனைக்கூடத்தில் கண்ட ஒன்றை உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும் என்பதால்.

மின்னணுச் சிப்பை வரைந்து கொடுத்துவிட்டுக் கைகழுவும் கூட்டத்தைச் சேர்ந்தவன் நீ. பர்ன்-இன் அடுப்பின் பக்கம் வந்திருக்க மாட்டாய். சிப்புகளைச் சாக்கெட்டுகளில், அதாவது மின்பலகையில் உள்ள செருகு தாங்கிகளில், பொருத்தி, பலகையோடு 125 டிகிரி செல்சியஸில் வைத்து, வழக்கத்தைவிடக் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்து, பிறவிக் குறையுள்ளவை வாடிக்கையாளர் கைக்குப் போகுமுன் இங்கேயே செத்துப்போகும்படி செய்கிறோம். அமெரிக்க ராணுவத் தரநிலை மில்-எஸ்டிடி-883, பி வகுப்புச் சிப்புகளுக்கு அந்த வெப்பத்தில் 160 மணி நேரம் விதிக்கிறது. அத்தனை நேரமும் சிப்புக்கு மின்சாரம் வந்துசேரும் ஒரே வழி சாக்கெட்டின் தொடுமுனைதான்.

சென்ற வாரம் பழைய சாக்கெட் ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்தேன். பெரிலியம் செம்புத் தொடுமுனையில் தங்கப் பூச்சு தேய்ந்து அடியிலிருந்த நிக்கல் தெரிந்தது. சிப்பின் சால்டர் (பற்றாசு) உருண்டைகளிலிருந்து ஒட்டிய வெள்ளீயம் சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது. அந்த வெள்ளீயம் ஆக்சைடாக மாற மாற மின்தடை ஏறும். ஓயாத வெப்பத்தில் தொடுமுனையின் வில்விசையும் தளரும்.

இப்படிக் கெட்ட தொடுமுனையால் நல்ல சிப்பு பழுதென்று ஒதுக்கப்பட்டால் மறுபடி சோதித்து மீட்டுவிடலாம். என் கவலை அதுவல்ல, சேகர். தொடுமுனை விட்டுப்போன சாக்கெட்டில் இருந்த சிப்பு, மின்சாரமே படாமல் 160 மணி நேரமும் வெறும் சூட்டில் கிடந்துவிட்டு வெளியே வருகிறது; அதன் குறை இன்னும் வெளிப்படாததால், பிறகு நடக்கும் சோதனையில் தேறியும் விடுகிறது. தேர்வே எழுதாத பிள்ளைக்கு மதிப்பெண் பட்டியல் கொடுத்து அனுப்புவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அது போய்ச் சேர்வது மருத்துவமனைக் கருவியிலா, வண்டியின் பிரேக் கட்டுப்பாட்டிலா என்று எங்களிடம் எவரும் சொல்வதில்லை. மேலதிகாரியிடம் இதை எடுத்துச் சொன்னால், அவர் புதிய சாக்கெட்டின் விலையைச் சொல்கிறார்.

ஆகவே உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் அடுத்த சிப்புக்குச் சோதனைக் குறிப்பு எழுதும்போது, அடுப்பு ஓடும்போதே ஒவ்வொரு சாக்கெட்டின் வெளியீட்டையும் கண்காணிக்க வேண்டும் என்றும், எத்தனை முறை செருகியபின் சாக்கெட்டை மாற்ற வேண்டும் என்றும் தெளிவாக எழுதிவிடு. உன்னைப்போல் சிப்பைச் சோதிக்கக் கொடுக்கும் வாடிக்கையாளர் எழுத்தில் கேட்டால்தான் இங்கே பணம் ஒதுக்குவார்கள். குறிப்பின் நகலை எனக்கும் அனுப்பு. விடுபட்டதை நான் சேர்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
கண்ணன்