ஓதம் சுவரில், கோளாறு வெளித்தளத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுச் சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறிப் பூச்சு உதிரத் தொடங்கினால், கடைக்காலுக்கு மேல் போட்டிருக்கும் ஈரத்தடுப்புப் பட்டை (கொத்தனார்கள் டி.பி.சி. என்பார்கள்) கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, உட்புறம் நீர்த்தடுப்புப் பெயின்ட் அடிப்பதும் சுவரைத் துளைத்து ரசாயனம் செலுத்துவதும் வழக்கமாகிவிட்டது. பட்டை பழுதில்லாமல் இருக்க, வெளியே தளத்தை அதற்கு மேலாக உயர்த்தி, ஈரம் அதைத் தாண்டி ஏற நாமே வழிவிட்டிருக்கலாம் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். பழைய சிமென்ட் தளத்தைப் பெயர்க்கும் செலவை மிச்சப்படுத்த, அதன் மீதே மணல் பரப்பிப் பேவர் பிளாக் பதித்தோம். ஒரே மழைக்காலத்தில் முன்னறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்தது. சாவி முனையால் கீறினால் பூச்சு மாவாகக் கொட்டியது. இரண்டு முறை பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து ஏமாந்த பிறகு வந்த ஒரு மூத்த கொத்தனார், வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல், சுவரோரம் இரண்டு கற்களை நெம்பி எடுத்துக் காட்டினார். பட்டையின் கான்கிரீட் விளிம்பு கற்களின் மேல்மட்டத்துக்கு நான்கு விரற்கடை கீழே, சொதசொதவென்ற மணலில் புதைந்து கிடந்தது.

வெளித்தளம் பட்டைக்குக் குறைந்தது 150 மி.மீ., அதாவது அரையடி, தாழ்ந்திருக்க வேண்டும் என்பதே கட்டுமானத்தில் பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு. தளத்தில் விழுந்து தெறிக்கும் மழைநீர் பட்டைக்கு மேலுள்ள சுவரை நனைக்காமலிருக்கவே இந்த இடைவெளி. அது இல்லாதபோது செங்கல் ஈரத்தையும் அதில் கரைந்த உப்பையும் உறிஞ்சுகிறது. நீர் ஆவியாகும்போது உப்பு படிகமாகிப் பூச்சை உடைத்துத் தள்ளுகிறது. உள்ளே பெயின்ட் அடித்து அடைத்தால், வெளியேற இடமில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும்.

தளம் முழுவதையும் பெயர்த்துத் தாழ்த்துவதே சரியான தீர்வு. அதற்கு வசதியில்லாதவர்கள் சுவரையொட்டி ஏறக்குறைய ஓரடி அகலத்துக்கு மட்டும் கற்களை எடுத்துவிட்டுத் தோண்டி, அடியில் துளையிட்ட குழாய் பதித்து, 20 மி.மீ. ஜல்லியை அதன் மேல்மட்டம் பட்டைக்கு அரையடி கீழே நிற்குமாறு நிரப்பலாம். ஆனால் கடைக்காலின் அடிவரை தோண்டிவிடக் கூடாது. குழாய் மழைநீர் வடிகாலில் போய்ச் சேர வேண்டும், இல்லையேல் அந்தப் பள்ளம் சுவருக்குத் தண்ணீர் கட்டும் பாத்தியாகிவிடும். மீதித் தளத்துக்கு 60 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் சுவரைவிட்டு விலகும் வாட்டம் தேவை. வெளிப்பூச்சு பட்டையைக் கடந்து மண்வரை இறங்கியிருந்தால் அதையும் வெட்டிவிட வேண்டும், ஏனெனில் அந்தப் பூச்சே ஈரம் ஏறும் ஏணி.

புதிய தளம் போடுவோர், ஒப்பந்தக்காரர் கல்லின் நிறத்தைக் காட்டும் முன்பே, பட்டை எங்கே இருக்கிறது, தளம் எந்த மட்டத்தில் முடியும் என்று கேட்டுச் சுவரில் கோடு போடச் சொல்வது நல்லது.

எங்கள் வீட்டில் பள்ளம் எடுத்தாகிவிட்டது. ஓரங்குலக் கனம் காய ஒரு மாதம் என்ற கொத்தனார் கணக்குப்படி ஒன்பது அங்குலச் சுவர் உலரக் காத்திருக்கிறோம். உப்பேறிய பூச்சை ஓதக் கறைக்கு மேலும் ஓரடி வரை கொத்திவிட்டதால், முன்னறையில் இப்போதைக்குச் செங்கல்தான் தெரிகிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்