ஞாயிறு காலை பாதுகாப்புப் பயிற்சி – லோடுமேன் அண்ணன்மார், தம்பிமார் கவனத்துக்கு

எல்லாருக்கும் வணக்கம். சம்பா நெல் வரத்து கூடுறதுக்கு முன்னாடி, வர்ற ஞாயிறு காலை 9 மணிக்கு நம்ம குடோன் முன்கொட்டகையில பயிற்சி. கூட்டிப் பெருக்குற அக்காமாரும் கட்டாயம் வரணும். அன்னைக்கு அரைநாள் கூலி உண்டு, பேசியாச்சு.

முக்கியமா மருந்து வச்ச அட்டி, அதாவது பூச்சி சாக மாத்திரை வச்சு தார்ப்பாய் போட்டு மூடின மூட்டை அடுக்கு பத்திப் பேசப்போறோம். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை 3 கிராம்தான் இருக்கும். காத்துல இருக்கிற ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயு கிளம்பும். பூண்டு வாசனை, அழுகின மீன் வாசனை வரும்னு சொல்வாங்க. ஆனா வாசனை வரலைன்னா வாயு இல்லைன்னு நம்பிடாதீங்க. இதுக்கு மாத்து மருந்து கிடையாது. அதனால மூடின தார்ப்பாயை நீங்களா தூக்கிப் பாக்காதீங்க. மாத்திரை விட்டுப்போற மிச்சச் சாம்பல்ல தண்ணி ஊத்தாதீங்க. எலிக்குன்னு ரெண்டு மாத்திரையை மடியில கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போற பழக்கம் இன்னும் இருக்கு. சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடு, யோசிங்க. தலைசுத்தல், வாந்தி, நெஞ்சடைப்பு வந்தா உடனே வெளிக்காத்துக்கு வந்து 108-ஐக் கூப்பிடுங்க.

அடுத்தது அட்டி பிரிக்கிறது. அவசரத்துக்கு அடிமூட்டையை உருவாதீங்க, மேலேர்ந்து படிபடியா இறக்குங்க. 50 கிலோ அரிசி மூட்டை சரிஞ்சா ஒதுங்க நேரம் இருக்காது.

சும்மாடு, கொக்கி எடுத்துட்டு வாங்க, செஞ்சே காட்டுவாங்க. டீ, வடை உண்டு. வர முடியாதவங்க சனிக்கிழமைக்குள்ள மேஸ்திரிகிட்ட சொல்லிடுங்க.