அது கயிறு இல்லை, சங்கிலி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புயலில் தரைதட்டிய சரக்குக் கப்பலைப் பற்றிய உங்கள் செய்தியில் ‘நங்கூரக் கயிறு அறுந்ததால்’ என்று போட்டிருந்தீர்கள். நான் 31 வருடம் கப்பலில் வேலை பார்த்தவன், கடைசிப் பதினைந்து வருடம் போசனாக, அதாவது மேல்தள மாலுமிகளின் தலைவனாக. பெரிய கப்பலில் அந்தக் ‘கயிற்றின்’ ஒரே ஒரு கண்ணியைத் தூக்க இரண்டு பேர் திணறுவார்கள். அது இரும்புச் சங்கிலி.

வெறும் வார்த்தைச் சண்டைக்காக எழுதவில்லை. நங்கூரம் தன் கனத்தால் கப்பலை நிறுத்துகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது மட்டும் போதாது. சங்கிலியைத் தாராளமாக விட்டால் அதன் ஒரு பகுதி கடலடியில் படுத்துக் கிடக்கும். அப்போது இழுப்பு கிடைமட்டமாக வரும், நங்கூரத்தின் அலகுகள், அதாவது கொக்கி போன்ற நுனிகள், மண்ணுக்குள் இறங்கும். குறைவாக விட்டால் இழுப்பு மேல்நோக்கி வந்து அலகு பெயர்ந்துவிடும். புயலில் சங்கிலி அறுவதும் உண்டு. ஆனால் நங்கூரம் பிடி விட்டு, கப்பல் அதையும் இழுத்துக்கொண்டு நகர்வதுதான் அதிகம்.

சங்கிலியின் நீளத்தை ‘ஷேக்கிள்’ என்று சொல்வோம். ஒரு ஷேக்கிள் 15 பாகம் (ஒரு பாகம் ஆறடி), சுமார் 27.5 மீட்டர். துண்டுகளை இணைக்கும் வளையத்துக்கும் அதே பெயர்தான்! சேர்ந்த புதிதில், ‘ஐந்து ஷேக்கிள் விடணும்’ என்று அதிகாரி சொன்னதைக் கேட்டு, ஸ்டோருக்கு ஓடி ஐந்து வளையம் எடுத்து வந்து நின்றவன் நான். அப்புறம் ஒரு மாதம் என் பெயரே ஷேக்கிள்தான்.

சங்கிலியின் உள்முனைக்குப் பெயர் ‘பிட்டர் எண்ட்’. சங்கிலி அறையில் ஒரு இரும்பு முளையில் மாட்டியிருக்கும், அதை ‘பின்’ என்போம். நங்கூரத்தைத் தூக்க நேரமில்லாத ஆபத்தில், வெளியிலிருந்தே சுத்தியலால் அந்தப் பின்னைத் தட்டிவிட்டால் மொத்தச் சங்கிலியும் கடலுக்குள் போய்விடும், கப்பல் தப்பிக்கும். நான் ஒருமுறைகூட அதைத் தட்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு கப்பலில் ஏறியதும் முதலில் பார்ப்பது அதைத்தான். இரண்டு கப்பல்களில் அந்தப் பின் துருவேறி இறுகிக் கிடந்தது. கிரீஸும் சுத்தியலுமாக ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டினேன்.

இன்னொன்று. செய்தியோடு போட்ட நங்கூரப் படத்தில் கயிறு அழகாகச் சுற்றியிருந்தது. பல கடற்படைச் சின்னங்களிலும் அப்படித்தான் இருக்கிறது, சரி. ஆனால் நிஜத்தில் நங்கூரம் அந்தக் கோலத்தில் மேலே வந்தால், சிக்கெடுத்து முடிப்பதற்குள் முன்தளத்தில் நிற்பவர்களின் உயிர் போய்விடும். அடுத்த முறை படம் போடும்போது அந்தக் கயிற்றையும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போசன் ஒருவர்